ஒன்பது ஞாயிறும் ஒரு வாங்கவும்

என் மச்சான் என்னோடு பேச்சை நிறுத்தி ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் ஓடின. மற்ற கிழமைகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மற்ற நாட்களில் நான் சூலூரில் என் மோட்டார் வைண்டிங் பட்டறையில் கிடப்பேன், அவர் சோமனூரில் தன் விசைத்தறிகளோடு கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஒரே அணியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஒரே மைதானத்தில், நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்போம்.

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் எனக்குச் சாதகமாகப் பேச ஆரம்பித்தால் நம்ப வேண்டாம்.

மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ஐம்பதைத் தொடப் போகிறார். எனக்கு நாற்பத்திரண்டு. அக்கா கல்யாணம் முடிந்த முதல் மாதத்திலிருந்தே நாங்கள் இருவரும் ஒன்றாக ஆடுகிறோம், ஆனால் ஒரே ஆட்டத்தை ஆடியதில்லை. அவருக்கு நீளமாக வேண்டும். டிவியில் டெஸ்ட் மேட்ச் ஓடினால் ஐந்து நாளும் தறிக்கும் டிவிக்கும் நடந்துகொண்டே இருப்பார். நாலாம் நாள் பந்து எந்த இடத்தில் பட்டுத் தாழ்கிறது என்பதைச் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். எனக்கு இருபது ஓவரே அதிகம். பேட்டைத் தூக்கினோமா, நாலு போட்டோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்க வேண்டும்.

"ஆறு ஓவர்ல என்னத்தைங்க மாப்ள தெரியும்?" என்பார். "ஒரு ஆளு நல்லவனா கெட்டவனான்னு தெரிய மூணு மணி நேரமாச்சும் வேணுமில்லீங்களா?"

"ஒன்பது வாரம் லீக் ஆடி மூணாவது எடத்துக்கு வாரதுக்கு, ஒரே நாள்ல தோத்துப்போட்டு ஊட்டுக்கு வந்து படுக்கலாமுங்க மச்சான்."

இந்தச் சண்டை எங்களுக்குள் இருபது வருடமாக நடந்தது. அது சண்டையே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த வருடம் சென்னிமலைக்குப் பக்கத்தில், மச்சானுடைய சொந்த ஊரில், ஒரு நாள் போட்டி வைத்தார்கள். எட்டு அணி, ஆறு ஓவர், டென்னிஸ் பந்து. தோற்றால் வெளியே. முதல் பரிசு ஒரு கிடாய். மச்சானுக்கு அதில் இஷ்டமே இல்லை. நான்தான் விடாமல் பிடித்து இழுத்தேன். "ஒரே நாளுங்க மச்சான். காலையில போறோம், பொழுதோட கிடாயோட வாரோம். உங்க சொந்தபந்தம் எல்லாம் பாக்கட்டுமுங்க." அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அவர் விழுந்தார்.

இறுதிப் போட்டிவரை வந்துவிட்டோம். மூன்று பந்தில் நாலு ஓட்டம் வேண்டும். அந்தப் பக்கம் மச்சான், வேர்க்க விறுவிறுக்க நிற்கிறார். பேட்டிங் நான். பந்தை கவர் பக்கம் தட்டிவிட்டு இரண்டு அடி எடுத்து வைத்தேன். ஃபீல்டர் பந்தைக் கையில் அள்ளிவிட்டான். நான் நின்று, கையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"நோங்க!"

நோ என்று கத்தியிருந்தால் போதும். உலகம் முழுக்க அப்படித்தான் கத்துகிறார்கள். ஆனால் அவர் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மூத்தவர். அவரைப் பார்த்து மொட்டையாக ஒரு வார்த்தை சொல்ல என் நாக்கு வளையாது. எங்கள் பக்கத்து ஆட்கள் வாசலில் வந்து நிற்கும் மாட்டைக்கூட மரியாதையாகத்தான் விரட்டுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். கேலி இல்லை, நிஜம்தான். நான் நோங்க என்றேன். அவர் காதில் போங்க என்று விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்தார், பாவம். என் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் நான் நகரவே இல்லை என்பதைப் பார்த்தார். அதற்குள் அந்தப் பக்கம் ஸ்டம்ப் பறந்துவிட்டது.

அடுத்த பந்தில் நானும் தூக்கி அடித்துக் கேட்ச் கொடுத்தேன். நான்தான் கடைசி விக்கெட். ஆட்டம் முடிந்தது. கிடாய் வேறு ஊருக்குப் போயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். மைக் பிடித்திருந்தவர் விடவில்லை. "மாப்ள போங்கன்னாருங்கோ, மச்சான் போயிட்டாருங்கோ!" என்று ராகம் போட்டுச் சொன்னார். ஊரே சிரித்தது. மச்சானின் பெரியப்பா மக்கள், பங்காளிகள், அவரோடு படித்தவர்கள், எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து மெதுவாகத்தான் கேட்டார். "நீங்க போங்கன்னீங்களே மாப்ள?"

அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் வாயிலேயே நாலு போட வேண்டும் போல் இருக்கிறது.

"நோங்கன்னேன்! நோங்க! செவிடா உங்களுக்கு? தறிச் சத்தத்துல காதைத் தொலைச்சுப்போட்டு எதுக்குங்க ஆட வாரீங்க?"

அந்த ஆத்திரத்திலும் ங்க போட்டுத்தான் திட்டினேன் பாருங்கள். மரியாதையாக ஒருவரைக் கொல்வது எப்படி என்று எங்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மச்சானுக்கு நிஜமாகவே காது மந்தம். முப்பது வருடத் தறிச் சத்தம். டிவியைப் பக்கத்துத் தெரு வரை கேட்கிற மாதிரி வைப்பார், போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அக்கா எதையும் இரண்டு தடவை சொல்வாள். தறிக்கூடத்துக்குள் யாரும் எட்ட நின்று பேச முடியாது. காதோரம் வாயை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, உரக்கச் சொல்ல வேண்டும். இதெல்லாம் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அவர் எதிரில் சொல்லக் கூடாத ஒரே வார்த்தை அது. அதை நான் அவருடைய ஊரில், அவருடைய பங்காளிகள் முன்னால், மைக் பக்கத்தில் நின்று சொன்னேன்.

அவர் என்னைத் தாண்டிப் போனார். பேட்டை உறையில் போட்டார். திரும்பி வரும்போது என் வண்டியில் ஏறவில்லை, பஸ்ஸில் வந்தார்.

நாலு நாள் கழித்து, கோபம் ஆறியிருக்கும் என்று சோமனூருக்குப் போனேன். மச்சான் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தார். பேப்பரை மடித்தார். எழுந்து தறிக்கூடத்துக்குள் போய்விட்டார்.

வாங்க என்று கேட்கவில்லை.

எங்கள் பக்கம் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லாவிட்டால் புரியாது. வாசலுக்கு வந்தவரை வாங்க என்று கேட்டாக வேண்டும். காடு தோட்டத் தகராறில் கோர்ட்டுக்கு நடப்பவன் வந்து நின்றாலும் முதலில் வாங்க, பிறகுதான் மற்றதெல்லாம். கேட்கவில்லை என்றால், இந்த வீட்டில் உனக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அக்கா ஓடி வந்து "வா கண்ணு, உள்ள வா" என்றாள். அக்கா கூப்பிடுவது வேறு, கூடப் பிறந்தவள் கூப்பிடாமல் என்ன செய்வாள். வீட்டுக்காரர் கேட்க வேண்டும். அவள் கொண்டுவந்த தண்ணீரைக்கூட நான் குடிக்கவில்லை.

வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னடா தம்பி சொல்லித் தொலைச்ச? நாலு நாளா மனுசன் சோறு திங்கறப்பக்கூட வாயத் தொறக்கறதில்லை."

அவளுடைய வெசனம் எனக்குத் தெரியும். பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே புது வீடு கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்தது. பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. எங்கள் லீக் போட்டியின் கடைசி ஞாயிறு முடிந்து வரும் புதன்கிழமை. புது வீட்டுக்குள் அவள் காலெடுத்து வைக்கும்போது பிறந்த வீட்டுச் சீரோடு நான் நிற்க வேண்டும். அப்பா இல்லை, வேறு அண்ணன் தம்பி கிடையாது. நான் ஒருத்தன்தான். அதற்கு அக்காவும் மச்சானும் சேர்ந்து, வெற்றிலை பாக்கோடு என் வீட்டுக்கு வந்து அழைக்க வேண்டும். அவள் மட்டும் வந்தால் அது அழைப்பில்லை.

"பொறந்த ஊட்டுச் சீர் இல்லாம நான் அந்த ஊட்டுக்குள்ள போறதாடா?" என்று கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுத்தேன்.

லீக் போட்டி அடுத்த ஞாயிறே தொடங்கியது. சூலூர்ப் பக்கம் ஒரு பள்ளி மைதானம். பத்து அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் ஆட வேண்டும். முப்பது ஓவர், கெட்டிப் பந்து. ஒன்பது வாரம் முடிந்து யாருக்குப் பாயிண்ட் அதிகமோ அவர்களுக்குக் கோப்பை. இந்த வருடம் நான் ஆடாமல் நின்றுகொள்கிறேன் என்று கேப்டனிடம் சொன்னேன். கேப்டன் ஒரு மில் ஃபிட்டர், நெளிவு சுளிவெல்லாம் தெரியாத ஆள். "இருக்கறதே பதினொரு பேரு. நீங்க நின்னுட்டா உங்க எடத்துல என்ன, ஆட்டுக்கல்லையா நிறுத்தறது?" என்றார். மச்சானும் நிற்கவில்லை. நான் இருக்கிறேன் என்பதற்காக லீக்கை விடுகிற ஆள் இல்லை அவர்.

முதல் மூன்று ஞாயிறு நாங்கள் சேர்ந்து பேட் பிடிக்கும்படி ஆகவில்லை. அவர் தொடக்க ஆட்டக்காரர், நான் கடைசிக்குப் பக்கம். அவர் இருக்கும் இடத்தில் நான் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் மைதானம் என்ன பெரிய மைதானம்? தண்ணீர்க் குடம் ஒன்றுதான். ஒருவர் குடிக்கும்வரை இன்னொருவர் தூரத்தில் நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்போம். ஒரே ஆட்டத்தில் ஆறு தடவை லேஸ் கட்டியிருக்கிறேன்.

நாலாவது ஞாயிறு மாட்டிக்கொண்டோம். எட்டாவது விக்கெட்டுக்கு நான் இறங்கும்போது அவர் எதிரில் நிற்கிறார். கிரிக்கெட்டில் எதைப் பேசாமல் செய்தாலும் செய்யலாம், ஓட்டம் எடுக்க மட்டும் பேசியாக வேண்டும். நாங்கள் பேசவில்லை. அவர் பந்தைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பாமல் நேராக அம்பயரைப் பார்த்து, "ரெண்டாவது ரன் இருக்குதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க" என்றார். அம்பயர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, நான் அம்பயருங்களா, கல்யாணத் தரகருங்களா?" என்றார். எதிரணி சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் போட்டியாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தோற்றவன் மூட்டை கட்டிக்கொண்டு போவான், கோபம் போன இடத்திலேயே உறைந்து கிடக்கும், அடுத்த போட்டிக்கு ஒரு வருடம். லீக் அப்படி விடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன் அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதே முகத்தோடு வந்து அதே குடத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும். சலிப்பான விஷயம்தான். குட்டை ஆட்டத்தின் ருசியே வேறு, நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். அதில் ஒவ்வொரு பந்துக்கும் உயிர் போய் உயிர் வரும். ஆனால் தப்பு செய்தவனுக்கு அதில் இடமே கிடையாது. மச்சான் இருபது வருடமாகச் சொன்னது எனக்கு நாலாவது வாரம்தான் உறைத்தது.

ஆறாவது ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. பள்ளி வராந்தாவில் எல்லாரும் ஒதுங்கினோம். மச்சான் டிபன் பெட்டியைத் திறந்தார். அக்கா இரண்டு ஆளுக்குக் கட்டியிருந்தாள். அவர் பாதியைச் சாப்பிட்டார். மீதியை மூடி, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுமுனையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். தக்காளிச் சோறு. ஆறிப் போயிருந்தது. கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு தின்றேன், காரம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். கழுவின பெட்டியை அவர் பை மேல் வைத்தேன். எடுத்துக்கொண்டார்.

ஏழு போயிற்று, எட்டு போயிற்று. நாங்கள் ஜெயித்துக்கொண்டே வந்தோம். கடைசி ஞாயிறு முதலிடத்துக்கு இரண்டே அணிகள், நாங்களும் எதிரில் நின்றவர்களும், சரிசமப் பாயிண்ட். ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. முந்தின நாள் அக்கா போன் செய்தாள். ஊரெல்லாம் அழைத்து முடித்தாயிற்று, உன் வீடு மட்டும் பாக்கி என்றாள். "இன்னிக்கும் கேட்டேன். பாக்கலாம் பாக்கலாம்ங்கறாரு. நாளைக்கு ஆட்டம் முடிஞ்சா அப்பறம் அவரை எங்கடா நீ பாப்ப?" அதுதான் என் பயமும். ஞாயிறுகள் தீர்ந்துவிட்டன.

அன்றைக்கு மச்சான் ஆடினார் பாருங்கள், அதுதான் ஆட்டம். ஒரு முனையில் விக்கெட் விழ விழ, மறுமுனையில் தரையில் போல்ட் போட்டு இறுக்கின தறி மாதிரி அசையாமல் நின்றார். ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். மீதி இருந்தது நான் ஒருத்தன். மூன்று பந்து, இரண்டு ஓட்டம். கேப்டன் என் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்து முகத்துக்கு நேரே சொன்னார். "கால்ல வேணா உளுகறேன் சாமி. இன்னிக்கு ஒரு நாளு ரெண்டு பேரும் வாயத் தொறந்து பேசிப்போடுங்க."

நடந்து போனேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று செம்மண்ணை வாரி முகத்தில் அடித்தது. பந்தைச் சந்திக்கப் போவது மச்சான். நான் எதிர்முனையில் நின்று, "மச்சான், மூணு பந்து, ரெண்டு ரன்னுங்க" என்றேன். அவர் தலையை அசைத்தார். வாயைத் திறக்கவில்லை.

முதல் பந்து பேட்டைத் தாண்டிக் கீப்பரிடம் போயிற்று.

இரண்டாவது பந்தை பாயிண்ட் பக்கம் தட்டினார். நான் கோட்டுக்கு வெளியே இரண்டடி வந்து நின்று அவர் வாயையே பார்த்தேன். பந்தைப் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. ஒன்பது வாரமாக அந்த வாய் திறக்கக் காத்திருந்தவன் பந்தையா பார்ப்பான்? வாய் திறந்தது. காற்றில் அந்த வார்த்தை எனக்கு வந்து சேர்ந்தது.

வாங்க.

ஓடினேன். உலகத்தில் எந்த ஓட்டத்துக்கும் நான் அப்படி ஓடியதில்லை. பாதி தூரம் தாண்டியபோது அவர் கோட்டுக்குள்ளேயே நின்று இரண்டு கையையும் விரித்து ஆட்டுவது தெரிந்தது. திரும்பினேன், வழுக்கினேன், நெஞ்சு தரையில் பட விழுந்தேன். தலைக்கு முன்னால் ஸ்டம்ப் சரியும் சத்தம் கேட்டது. எதிரணி ஓவென்று கத்திக்கொண்டு ஓடியது. ஒரு ஓட்டத்தில் தோற்றோம். ஒன்பது வாரம், கோப்பை, மச்சானின் அறுபது, எல்லாவற்றையும் நான் ஒருத்தன் மண்ணில் போட்டு உருட்டினேன்.

எழுந்திருக்கத் தைரியம் இல்லை. முழங்கை உரிந்து எரிந்தது. செம்மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்தில் இரண்டு ஷூ வந்து நின்றன.

"ஏனுங்க மாப்ள, எதுக்குங்க ஓடியாந்தீங்க?"

"நீங்க வாங்கன்னீங்களே மச்சான்?"

"வேணாங்கன்னேன்."

நான் தலையைத் தூக்கினேன். அவர் முகம் இறுகிப் போயிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"செவிடா உங்களுக்கு?"

என் வார்த்தை. அப்படியே, ஒரு எழுத்து குறையாமல். அதை ஒன்பது வாரமாக அவர் எங்கே வைத்திருந்தாரோ, எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். காது நன்றாக இருக்கிறவனுக்கும் ஒரு வார்த்தை இன்னொன்றாக விழும் என்று எனக்கு யாரும் இனிச் சொல்ல வேண்டியதில்லை.

"ஆமாங்க மச்சான்" என்றேன். "செவிடுதானுங்க. அன்னைக்கே நான்தானுங்க செவிடு." நாற்பத்திரண்டு வயது ஆள், இருபத்தோரு பேர் பார்க்க, மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

மச்சான் பேட்டைக் கீழே வைத்தார். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். முழங்கையைத் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு தறிக்கூடத்தில் பேசுகிற மாதிரியே என் காதோரம் வாயை வைத்து, உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"பொதங்கெழம பால் காய்ச்சறமுங்க. இன்னிக்குப் பொழுதோட நானும் உங்க அக்காளும் அழைக்க வாரோம். சீரோட வாங்க."

கொஞ்சம் விலகி என் முகத்தைப் பார்த்தார்.

"இப்பக் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்க மச்சான்" என்றேன்.